கிளாவரையில் கேட்ட பீலிச் சத்தம்

ஏரியல் என் கையில் இருந்தது. பிளாஸ்டிக் குழாயில் அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டிய ஏரியல். மஞ்சள் தகட்டில் எண்கள் அப்படியே தெரிந்தன. காற்று அடிக்கும்போதெல்லாம் தகடுகள் அதிர்ந்தன.

எனக்கு இரண்டடி தள்ளி என் மனைவி தவமணி நின்றாள். கையடக்க ரேடியோவைக் காதோடு வைத்து, கண்ணை மூடியிருந்தாள். ரேடியோவுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் அவளை "தவம்" என்று கூப்பிட்டது.

ஏரியலை எந்தப் பக்கம் திருப்பினால் அந்தக் குரல் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில், பூம்பாறை வளைவில் பிரேக் பிடிக்காத ஜீப்போடு உங்களை நிறுத்திவிட்டுப் போனேன். அந்த ஜீப் அடுத்த வாரம் வரை அங்கேயே நிற்கட்டும். பள்ளத்தில் விழவில்லை என்பது நான் எழுதிக்கொண்டிருப்பதிலிருந்தே தெரியும். கிளாவரையில் நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும்.

என் டேப்பை வெட்டியவள்

தவமணி கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர். சில வருடங்களுக்கு முன் அங்கே பிள்ளைகளுக்கு ரேடியோ வகுப்பு வைத்தார்கள். மேசை துடைக்க நின்றவள் பாடத்தையும் கேட்டாள். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை. பரீட்சை எழுதினாள், சொந்தமாக ரேடியோவில் பேச அரசு தரும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினாள்.

எனக்கும் லைசென்ஸ் உண்டு. இருபத்தைந்து வருடமாக இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறேன். என் லைசென்ஸை யாரும் லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியதில்லை.

ஒரு நாள் வண்டி டூல்ஸ் பையில் அளவு டேப்பைக் காணவில்லை.

"என் டேப் எங்க?"

"வெட்டிட்டேங்க."

"வெட்டிட்டியா?"

"ஏரியலுக்கு. வளைஞ்சாலும் தானா நிமிந்துக்கும்ல, அதான். புதுசு வாங்கித் தர்றேன்."

"எதுக்கு ஏரியலு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "மேல ஒரு சின்னச் சாட்டிலைட்டு சுத்துதுங்க. நம்ம சோத்துப்பானை அளவுதான் இருக்குமாம். நம்ம பக்கமா வர்றப்ப நான் இதுல பேசுனா, அது கேட்டு அப்படியே கீழ கொட்டும். பத்து பன்னெண்டு நிமிசந்தான். அப்புறம் போயிரும்."

"யாருக்குக் கொட்டும்?"

"ஏரியலத் தூக்கிட்டு யாரெல்லாம் நிக்கிறாங்களோ எல்லாத்துக்கும். கேரளாக்காரங்க, ஆந்திராக்காரங்க, சிலோன்காரங்க."

"எல்லாரும் ஒரே நேரத்துலயா?"

"அதுக்கு மொறை இருக்கு. ஒருத்தர் பேசுறப்ப இன்னொருத்தர் அழுத்தக் கூடாது. மேலேறி வர்ற வண்டிக்கு நீங்க ஒதுங்கி எடம் விடுவீங்கள்ல, அது மாதிரி."

அவள் என் தொழிலிலிருந்து எடுத்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. டேப் போனதை அதோடு மறந்துவிட்டேன். பொறாமை அன்றைக்கு இல்லை. அது ஒரு மாதம் கழித்து வந்தது.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை

நான் அதிகம் பேசாதவன். கவுஞ்சியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தபோது, எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் காதில் விழாதது போல உட்கார்ந்திருப்பேன். அடி வாங்குவது வாசிப்பதைவிடச் சுலபமாக இருந்தது. ஆறாம் வகுப்புக்கு வெகுதூரம் போக வேண்டும் என்றபோது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் பூண்டுத் தோட்டத்தில் யாரும் வாசிக்கச் சொல்லவில்லை.

தவமணியைப் பெண் பார்க்கப் போனபோது, ஐந்து நிமிடம் தனியாகப் பேசச் சொன்னார்கள். நான் யோசித்து, "மழ வரும் போலருக்கு" என்றேன். அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். நல்ல வெயில். அதற்குப் பிறகும் அவள் சம்மதித்தது எப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் பேச வேண்டுமே.

வண்டிக்கு வருகிறவர்களிடமும் அப்படித்தான். இது தூண் பாறை, இது ஏரி, இறங்குங்க, ஏறுங்க. ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்து வண்டிக்காரன் முருகேசன் வழி முழுக்கக் கதை சொல்லிக்கொண்டே ஓட்டுவான். பாதி பொய். ஆனால் ஆட்கள் மறுபடியும் அவன் வண்டியைத்தான் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட ஒருவனுடைய வீட்டில், மொட்டைமாடியில் நின்றபடி மனைவி வானத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசினால் எப்படியிருக்கும்?

சாயத்தண்ணி

அவன் பெயர் யோகன். இலங்கையில் ஹட்டன் பக்கம் இருக்கிறான். அவனும் லைசென்ஸ்காரன். முதல் முறை நான் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க மாடிக்கு ஏறியபோது, ரேடியோவில் அவன் விசாரித்துக்கொண்டிருந்தான்.

"தவம், சாயத்தண்ணி குடிச்சாச்சா?"

"இப்பத்தான் குடிச்சேங்க யோகன். நீங்க?"

சாயத்தண்ணி என்றால் பால் விடாத தேநீர். நான் அதைக் கடுங்காப்பி மாதிரி கடும் டீ என்பேன், அவளும் என்னிடம் அப்படித்தான் சொல்லுவாள். அவளுக்குள் இந்த வார்த்தை இருந்தது எனக்குத் தெரியாது. அவளுடைய அம்மா அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்த குடும்பம். தவமணி இங்கே பிறந்தவள். ஆனால் அந்தக் குரலோடு பேசும்போது அவள் பேச்சே மாறியது. அவள் அம்மா பேசியது போலப் பேசினாள். இருபத்திரண்டு வருடம் என்னோடு பேசிய வாய் அது இல்லை.

அப்புறம் அந்தத் "தவம்". நான் அவளை "இந்தா", "இங்கேரு" என்றுதான் கூப்பிடுவேன். பெயரைச் சுருக்கிக் கூப்பிடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இவன் கடலுக்கு அந்தப் பக்கம் நின்று முதல் ஆளாகச் சுருக்கிவிட்டான்.

விஷயம் ஸ்டாண்டுக்கும் போனது. தவமணிதான் மறைக்கத் தெரியாதவள் ஆயிற்றே.

"ஏலே, ஒம் பொண்டாட்டி ஆகாசம் வழியாச் சிலோன்காரன்கிட்டப் பேசுதாமே!" என்றான் முருகேசன்.

"ஆமா."

"கீழ நிக்கிற ஒன்கிட்டப் பேசத்தான் அதுக்கு ஒண்ணும் கெடைக்கல போல."

"போய்ச் சோலியப் பாருலே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு வலித்தது.

பீலி

என் மாமியார் கடைசிக் காலத்தில் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பார். "பீலியில தண்ணி வருதா?"

தோட்டத்து வீடுகளை லயம் என்பார்கள். லயத்துக்குப் பக்கத்தில் மலையிலிருந்து வரும் ஊற்றை ஒரு குழாய் வைத்துக் கொட்டவிட்டிருப்பார்கள். அதுதான் பீலி. குளிப்பது, துவைப்பது, சண்டை போடுவது எல்லாம் அங்கேதான். கொடைக்கானல் முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வரும்போதெல்லாம் அவர், "இது என்னா தண்ணி, சத்தமே இல்லாம" என்பார். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தவமணி கேட்டால் பதில் சொல்ல வராது. கையை மட்டும் மேலிருந்து கீழே ஆட்டிக் காட்டுவார்.

அவர் இறந்து நான்கைந்து வருடம் ஆகிறது. தவமணி இதை யோகனிடம் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீடு மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே பள்ளத்தில் இருப்பதால், பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று நான்கு நிமிடம்தான் மாடியில் கேட்கும். அதையும் எத்தனையோ பேர் பங்கு போட வேண்டும். அந்தத் துண்டு நேரங்களிலேயே, தோட்டத்தின் பெயரைக் கேட்டு, இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு நாள் அவன் சொன்னான்.

"நம்ம வீட்டுலருந்து பஸ்ஸுல ஒரு மணித்தியாலம், தவம். அந்த லயம் இருக்கு. பீலி இன்னும் ஓடுது. நீங்க நல்ல எடமாப் பாத்து நில்லுங்க. நான் அங்க போய் நின்னு ரேடியோவப் புடிக்கிறேன். தண்ணி விழுற சத்தத்தக் கேட்டுக்கலாம்."

அவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாட்சப்புல அனுப்பச் சொல்ல வேண்டியதுதான?" என்றேன். என் குரலில் இருந்தது எனக்கே பிடிக்கவில்லை.

"அது அனுப்பி வைக்கிறதுங்க. இது அங்க விழுறப்பவே இங்க கேக்குறது."

இருபத்திரண்டு வருடத்தில் நான் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், மிக்ஸி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய அம்மா வீட்டுத் தண்ணீரைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்னால் முடியாது.

காலண்டர் தாளில் ஒரு வழி

காலாண்டு லீவுக்கு இரண்டு நாள் போவது என்று முடிவானது. லீவில் மற்றவர்களைத்தான் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். எங்களுக்கென்று என் ஜீப் கிளம்புவது அதுதான் முதல் தடவை. மகள் திண்டுக்கல் ஹாஸ்டலிலிருந்து, "நீங்க ரெண்டு பேரும் ஹனிமூன் போறீங்களாப்பா?" என்று போனில் கேட்டாள். நான் போனைத் தவமணியிடம் கொடுத்துவிட்டேன்.

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நான் வழி போட்டேன். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சியில் அண்ணன் வீட்டில் தங்கல், மறுநாள் வெள்ளனே பூண்டி வழியாகக் கிளாவரை. தவமணி பக்கத்திலேயே சாட்டிலைட் வரும் நேரங்களை எழுதினாள். எது எது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு பட்டியல். ரேடியோ, மாற்று பேட்டரி, நோட்டு, பேச்சைப் பதிவு செய்ய ஒரு போன், எலுமிச்சம்பழச் சோறு.

"நாலு பக்கமும் தெறந்து கெடக்குற மேடு வேணுங்க."

"மன்னவனூர்ல புல்லு மேடு இருக்கு. ஆனா லீவுல ஒரே கூட்டமா இருக்கும். ரீல்ஸ் எடுத்துக்கிட்டு நிப்பாங்க."

"அப்ப?"

"கிளாவரை தாண்டி ஒரு எடம் இருக்கு. நான் சின்ன வயசுல மாடு பத்திக்கிட்டுப் போன எடம். ஆளே இருக்காது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த இடம் மேடு இல்லை. ஒரு பக்கம் சுவர் மாதிரி மலை எழுந்து நிற்கும் சரிவு. மலை நிற்பது தென்கிழக்கில்.

எங்கள் மலையில் போன் பேசுவது எப்படியென்று இங்கே சொல்ல வேண்டும். டவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திறந்திருந்தால்தான் சிக்னல். நடுவே ஒரு மலை வந்தால் போயிற்று. எந்த வளைவில் கிடைக்கும், எந்த வளைவில் செத்துப்போகும் என்பது ஸ்டாண்டில் எல்லாருக்கும் மனப்பாடம். இலங்கை எங்களுக்குத் தென்கிழக்கு. ஆகவே யோகனை அந்த மலைக்குப் பின்னால் வைத்துவிட்டால் அவன் குரல் வராது. இதுதான் என் கணக்கு. மற்றவர்களோடு அவள் பேசட்டும். அவன் ஒருவன் மட்டும் வேண்டாம்.

அவள் போனில் ஒரு வட்டத்தையும் அதற்குள் வளைந்து போகும் ஒரு கோட்டையும் காட்டி, சாட்டிலைட் வரும் வழி இது என்றாள். நான் தலையாட்டினேன். ஆள் இருக்கும் திசைதான் முக்கியம், கோடு எதற்கு என்று நினைத்தேன்.

ஒரு கையில் ரேடியோ, ஒரு கையில் நோட்டு என்றால் ஏரியலைப் பிடிக்க ஆள் வேண்டும். அது நான்தான். சாட்டிலைட் நகர நகர ஏரியலையும் நகர்த்த வேண்டும். சத்தம் மங்கினால் மணிக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். விளக்குமாற்றை வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஒங்களுக்குக் கை ஆடவே மாட்டேங்குதுங்க. நான் புடிச்சா இப்படி வராது."

என்னைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. அப்போதே இடத்தை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

மலைக்குப் பின்னால் ஒளித்த ஆள்

முதல் நாள் நன்றாக இருந்தது. பூம்பாறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர்களிடம் அவள் கதை பேசினாள். நான் வண்டியைத் துடைத்தேன். மறுநாள் மூடுபனி கலைந்து வெயில் வந்த நேரத்தில், அந்தச் சரிவில் நின்றோம்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். நான் குனிந்து ஏரியலை எடுத்தேன்.

"மேக்கு நல்லாத் தெறந்து கெடக்கு," என்றாள். "அதான் வேணும். இன்னிக்கு அது வடக்க ஏறி, மேக்கு வழியா எறங்குது. எப்படிங்க இவ்வளவு சரியாப் பாத்தீங்க?"

 திசையை அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை.

வடக்கே ஏரியலைக் காட்டச் சொன்னாள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு இரைச்சல் சட்டென்று விலகி, குரல்கள். ஒரு கேரளாக்காரர். ஒரு பெண். தவமணி தன் முறை வரும்வரை காத்திருந்து, லைசென்ஸில் தனக்குக் கொடுத்த அடையாள எழுத்துகளைச் சொன்னாள். நான் மெல்ல மேற்கே நகர்த்தினேன்.

"தவம், கேக்குதா? நான் பணிய லயத்துக்கிட்ட நிக்கிறேன்."

பணிய என்றால் அவர்கள் பேச்சில் கீழே. என் முதுகுக்குப் பின்னால் மலை. அதற்குப் பின்னால் நான் ஒளித்து வைத்த ஆள். அவன் குரலோ என் முகத்துக்கு நேரே, மேற்கு வானத்திலிருந்து வந்தது. வீட்டு மாடியில் அறுந்து அறுந்து கேட்கும் குரல், இங்கே அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்படி வந்தது. மேலே போய்க் கீழே கொட்டுகிறது என்று அவள் முதல் நாளே சொன்னது அப்போதுதான் விளங்கியது. மலை யாரை மறைக்கும்? கொடைக்கானல் மலையிலேயே அவனைத் தெளிவாகக் கேட்கும் இடமாகப் பார்த்து நான் கூட்டி வந்திருந்தேன்.

"நல்லாக் கேக்குதுங்க யோகன். சொல்லுங்க."

"அம்மா இருந்த வீட்டுக் கதவுக்கு இப்ப நீலப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. இருக்கிற ஆக்கள் சாயத்தண்ணி குடுத்தாங்க. ஒங்க பேரச் சொல்லித்தான் குடிச்சேன்." அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். "இப்ப பீலிக்கிட்டப் புடிக்கிறேன். பேசாமக் கேளுங்க, தவம்."

தவமணி கண்ணை மூடினாள்.

என் மணிக்கட்டு திரும்பியது. தானாகத் திரும்பவில்லை, நான்தான் திருப்பினேன். தகடுகள் குறுக்காகப் போயின. ஏரியலின் மூக்கு தரையைப் பார்த்தது. ரேடியோவில் 'உஸ்' என்று இரைச்சல் மட்டும்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன். மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் பயந்துபோய் ஏரியலைப் பழையபடி தூக்கினேன். 'களக்' என்று ஏதோ விழும் சத்தம் அரை நொடி கேட்டது. உடனே அவன் குரல்.

"கேட்டுச்சா தவம்?"

அவள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினாள். "கேட்டுச்சுங்க யோகன். ரொம்ப நன்றி."

அதற்குள் வேறு யாரோ கூப்பிட்டார்கள். சாட்டிலைட் கேரளா பக்கம் இறங்கிப் போனது. நாங்கள் எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டோம். அவள் என் தட்டில் ஊறுகாயை வைத்தாள்.

தினமும் காலையில்

அதற்குப் பிறகு தினமும் காலையில் டீ போடும்போது அவள் அந்தப் பதிவைப் போடுவாள். "பேசாமக் கேளுங்க, தவம்" என்பான். பிறகு இரைச்சல். அவள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பாள்.

அந்த இரைச்சலைத் தன் அம்மாவின் தண்ணீர் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது தண்ணீர் இல்லை. என் மணிக்கட்டு. அவன் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் ஒன்றைக் கொடுத்தான். அதை நான் வழியில் பிடுங்கி, வேறொன்றை வைத்துவிட்டேன். இதில் இன்னொரு கேவலமும் உண்டு. அவள் தினமும் ஆசையாகக் கேட்பது அவன் கொடுத்ததை அல்ல, நான் கொடுத்ததை என்று ஓரிரு நாள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான் எழுதும் பக்கங்களைத் தவமணிதான் வாசித்துப் பிழை திருத்திப் பத்திரிகைக்குத் தபாலில் போடுகிறாள். வாயால் சொல்ல வராததால் இப்படிச் சொல்கிறேன். இந்தப் பக்கங்களை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வண்டி கழுவப் போகிறேன்.

வண்டிக்குள் எழுதியது

மிச்சத்தை ஜீப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முன் டயர் இரண்டையும் கழுவி முடித்தேன். பிறகு அவள் பக்கங்களோடு வெளியே வந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள்.

"இரைச்சல் எது, தண்ணி எதுன்னு தெரியாமயா நான் லைசென்ஸ் வாங்கினேன்?"

நான் ஹோஸ் பைப்பைப் பிடித்தபடி நின்றேன்.

"சாட்டிலைட்டு மங்கிருச்சுன்னு நெனச்சேன். அவரு அம்புட்டு தூரம் போய் நிக்கிறாரேன்னு கேட்டுச்சுன்னு சொன்னேன். கடேசில களக்குன்னு வருதுல்ல, அந்த அரை நொடிக்குத்தாங்க நான் தெனம் அதப் போட்டுக் கேட்டது."

தண்ணீர் என் செருப்பின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளே வந்து மூடினாள்.

"அப்படியே அனுப்பலாம். பிழை அதிகமில்ல." பக்கங்களைப் பானெட்டின் காய்ந்த பக்கத்தில் வைத்தாள். "சத்தம் சரியா வரலன்னு யோகன்ட்டச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம மறுபடியும் பீலிக்குப் போறாராம். நானும் போறேன். இந்தத் தடவ மன்னவனூர் மேட்டுக்கு. முருகேசண்ணன் வண்டியச் சொல்லிட்டேன்."

"ஏரியலு?"

"அண்ணனே புடிப்பாரு."

உள்ளே போய்விட்டாள்.

முருகேசன் வழி முழுக்கப் பேசிக்கொண்டே ஓட்டுவான். அவள் சிரிப்பாள். அது போகட்டும். ஆனால் அவனுக்குக் கை ஆடும். ஸ்டியரிங்கையே நேராகப் பிடிக்கத் தெரியாதவன் அவன்.